புதுப்பிப்பு: மீன் வாடியில் கல் காகிதக் கொப்பி

மாரி தொடங்கமுதல் ஒரு கேள்வி போட்டிருந்தேன்: மட்டக்களப்புக் கல்லடியில் மாமாவின் மீன் வாடிக் கணக்குக் கொப்பி ஈரக் கையில் கரைந்துபோகிறது, கல் தூளால் செய்த, ஈரத்தில் கரையாத கல் காகிதம் சரிவருமா என்று. வாங்கிப் பார்த்துவிட்டோம்.

சரிவருகிறது. போன கிழமை கொப்பி இறால் பெட்டிக்குள்ளேயே விழுந்தது. எடுத்து உதறி, சாரத்தால் துடைத்தார் மாமா. செதில் ஒன்று ஒட்டியிருந்த பக்கத்தில் குமிழ்முனைப் பேனையால் எழுதிய கடன் கணக்கு அப்படியே இருந்தது. ஜெல் பேனை வேண்டாம். மை காயமுதல் இழுபடுகிறது. பென்சில் நன்றாகப் பிடிக்கிறது. பாரம் மட்டும் சாதாரணக் கொப்பியைவிடக் கூட.

ஒன்றைத் திருத்த வேண்டும். "பிளாஸ்டிக்கே இல்லை" என்று அப்போது எழுதியது பிழை. கல் காகிதத்தில் ஏறக்குறைய 80% சுண்ணாம்புக்கல் தூள். மிச்சம் அதை ஒட்டிப் பிடிக்கும் பொலித்தீன். ஜப்பானின் லைமெக்ஸ் என்ற இதே மாதிரிப் பொருளிலும் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல், மீதியில் பிளாஸ்டிக் பிசின் இருக்கிறது. மரம் தேவையில்லை, கூழாக்கத் தண்ணீரும் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் வாவியில் எறிந்தால் மக்காது. வெயிலில் மாதக்கணக்காகக் கிடந்தால் நொறுங்கித் துகளாகும், அது இன்னும் மோசம். பழைய பேப்பரோடும் சேர்த்துப் போடக்கூடாது.

அதனால் வாடிக்கு மட்டும் இது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்குச் சாதாரணக் காகிதமே போதும். முடிந்த கொப்பிகளை மாமா ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைக்கிறார்.