கீழக்கரை வீடு குழு: அமெரிக்காவில் எமர்ஜென்சி மருத்துவ மேற்படிப்புக்குச் சமீராவின் இன்டர்வியூ

உம்மா: அறைக்கு வந்துவிட்டாயா? எப்படி இருந்தது?

சமீரா: இப்போதுதான் வந்தேன் உம்மா. இன்டர்வியூவைவிட எமர்ஜென்சி வார்டைச் சுற்றிப் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. வராந்தா முழுக்கக் கட்டில்கள். அட்மிஷன் போட்டும் மேலே படுக்கை காலியாகாததால் அங்கேயே கிடக்கிறார்கள்.

சாச்சா: அப்படியென்றால் போன வாரம் பார்த்த ஆஸ்பத்திரிதான் நல்லது. போட்டோவில் பளபளவென்று இருந்ததே.

சமீரா: நானும் அப்படித்தான் நினைத்தேன் சாச்சா. ஆனால் பெரிய டாக்டர்கள் வெளியே போனதும் ரெசிடென்ட்களிடம், அதாவது அங்கே பயிற்சி பெறும் டாக்டர்களிடம், ஒன்று கேட்டேன். இரவில் மூச்சுத் திணறி வருபவருக்கு டியூப் போடுவது யார்? அங்கே மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுவார்களாம். எலும்பு விலகினால் ஆர்த்தோ வருவாராம். அப்புறம் நான் எதைக் கற்பது? இங்கே மூன்றாம் வருட ரெசிடென்ட்தான் டியூப் போடுகிறார். சீனியர் பக்கத்திலேயே நிற்கிறார், தேவைப்பட்டால்தான் கை வைக்கிறார்.

தம்பி: ராத்தா, தூங்க விடுவார்களா?

சமீரா: எமர்ஜென்சியில் ரெசிடென்ட்களுக்கு ஒரே மூச்சாக 12 மணி நேரத்துக்கு மேல் ஷிப்ட் போடக் கூடாது என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. விதி எல்லா இடத்துக்கும் ஒன்றுதானே. அதனால் ஷிப்ட் முடிந்த பிறகு குறிப்பு எழுத எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்று கேட்டேன். முதல் இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கே ஒரு பெண் உடனே "முக்கால் மணி நேரம்" என்றாள். குழந்தைகள் கேஸ் குறைவு, அதற்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் அவளே சொன்னாள். குறையை மறைக்காத இடத்தை நம்பலாம் என்று தோன்றுகிறது.

வாப்பா: விருப்பப் பட்டியலில் எது உறுதியாகக் கிடைக்குமோ அதை முதலில் எழுதும்மா.

சமீரா: அப்படி இல்லை வாப்பா. நாங்களும் வரிசை எழுதுகிறோம், அவர்களும் எழுதுகிறார்கள், கம்ப்யூட்டர் பொருத்துகிறது. முதலில் எழுதியது கிடைக்காமல் போனாலும் இரண்டாவதில் என் வாய்ப்பு குறையாது. பிடித்த வரிசையில் எழுதுவதுதான் சரி. மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை முடிவு தெரியும்.

உம்மா: ஜும்ஆ நாள். இன்ஷா அல்லாஹ்.

சாச்சா: உன்னை என்ன கேட்டார்கள்?

சமீரா: ஏன் எமர்ஜென்சி என்று. வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவைச் சொன்னேன். மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். பரமக்குடி தாண்டியும் வாப்பா என் கையை விடவில்லை. சாச்சா, உங்கள் காலில் திருக்கை மீன் முள் ஏறியதையும் சொன்னேன். பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வைத்துக் காலை முக்கினால் அந்த விஷம் வலுவிழக்கும் என்றேன். "கடற்கரையில் வளர்ந்தவளா?" என்று கேள்வி கேட்ட டாக்டர் சிரித்தார்.

வாப்பா: அந்த இரவு எனக்கும் மறக்காது. படித்து முடித்தால் அங்கேயே இருந்துவிடுவாயா?

சமீரா: ஜே-1 என்ற பயிற்சி விசாவில் படித்தால், முடித்த பிறகு விலக்கு வாங்காதவர்கள் 2 வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நான் விலக்கு கேட்கப் போவதில்லை. ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது வாப்பா.

வாப்பா: அப்படியென்றால் அந்த வராந்தா ஆஸ்பத்திரியையே முதலில் எழுது.

சமீரா: செவ்வாய்க்கிழமை இன்னும் ஓர் இடம் பார்க்க வேண்டும். அங்கேயும் டியூப் போடுவது யார் என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன்.