'ஃபேர்' என்றால் நியாயமா, நிறமா, சுமாரா?

தக்கலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். மூன்று நாளாக 'ஃபேர்' என்ற ஒரே சொல்லில் மாட்டி நிற்கிறேன். ரேஷன் கடையை 'ஃபேர் பிரைஸ் ஷாப்' என்பதால் 'நியாயம்' சட்டென்று புரிந்தது. வெளுத்த நிறம், மழையில்லாத வானிலை, அடித்தல் திருத்தல் இல்லாத நகல், இதெல்லாம்கூட ஓடிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அழகு என்று பொருள், அப்புறம்தான் களங்கமில்லாதது, பாரபட்சமில்லாதது என்று விரிந்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். (சந்தை, கண்காட்சியைச் சொல்லும் 'ஃபேர்' லத்தீன் வழி வந்த வேறு சொல்.)

இடிப்பது 'ஃபேர் சான்ஸ்'. 'கிவ் ஹிம் எ ஃபேர் சான்ஸ்' என்றால் நியாயமான வாய்ப்பு. 'ஹி ஹாஸ் எ ஃபேர் சான்ஸ் ஆஃப் வின்னிங்' என்றால் ஓரளவு நல்ல வாய்ப்பு. "அப்போ ரிப்போர்ட் கார்டுல ஃபேர் போட்டா நல்லதா சார்?" என்கிறான் ஒருவன். அது சுமார்! இரண்டு அகராதி புரட்டியாயிற்று, பொருள்களின் வரிசைதான் கிடைத்தது.

இந்த 'ஓரளவு' பொருளை வாக்கியத்தை வைத்தே பிள்ளைகள் பிடிக்க ஏதாவது எளிய அடையாளம் உண்டா?