உப்பைக் குறை, தண்ணீர் குடி, மாத்திரை போடு: பிள்ளைகள் சொன்னதையெல்லாம் அம்மா கேட்டார்

அம்மாவுக்கு வயது 74. சோழவந்தானில் தனியாக இருக்கிறார். நான் புனேயில், அக்கா கோயம்புத்தூரில், தம்பி சிங்கப்பூரில். வெளியூரிலிருந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவுக்கும் அந்த வெற்றிலைக்கும் ஐம்பது வருடப் பழக்கம். கொடிக்காலிலிருந்து வரும் இலையை இப்போதும் வீட்டில் வைத்து அடுக்கிக் கொடுப்பார். கவுளிக்கு 100 இலை. ஊர்க்கதை பேசிக்கொண்டே எண்ணுவார். ஒரு இலை கூடாது, குறையாது.

சென்ற சித்திரையில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கூடியது. மருத்துவர் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அதைத் தவறாமல் போடவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்குப் போன் அடித்துவிடுவேன். அக்கா மத்தியானம் பேசி, "உப்பைத் தொடாதே" என்பாள். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் தம்பி ராத்திரிதோறும், "மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தாயா அம்மா?" என்று கேட்பான். மூவருக்கும் ஒரே பதில்தான்: "குடித்தேன், போட்டேன், நன்றாக இருக்கிறேன்." அது பொய்யில்லை. எல்லாவற்றையும் அப்படியே செய்திருக்கிறார். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்காமல் அரை இட்லி, இரண்டு வாய் கஞ்சி என்று சாப்பாடு சுருங்கிப்போனதை மட்டும் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டோமே தவிர, எவ்வளவு என்று கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அத்தை என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, உன் அம்மா ஒரே கவுளியை மூன்று தடவை எண்ணுகிறாள். எண்ணி முடித்துவிட்டு, இது யார் வீட்டு இலை என்று என்னையே கேட்கிறாள்." வயதானால் மறதி வரத்தானே செய்யும் என்று அப்போது சமாதானம் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. அன்று இரவு போனில் அம்மா என்னை, இறந்துபோன மாமாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை தன் மகனுடன் காரில் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போய்விட்டார். ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது உப்பில் இருக்கும் சத்து, 116. அது 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும். மாத்திரை சிறுநீரோடு உப்பை வெளியேற்றுகிறது. சாப்பாட்டிலிருந்து உப்பு வருவதில்லை. குடிக்கிற தண்ணீர் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பையும் நீர்த்துப்போகச் செய்கிறது. முதியவர்களுக்கு இதனால் குழப்பம் வரும், தடுமாறி விழுவார்கள், வலிப்புகூட வரலாம் என்று மருத்துவர் விளக்கினார். நாங்கள் ஞாபக மறதி நோய் என்று பயந்தது சோடியக் குறைவு. அதைச் சட்டென்று ஏற்றவும் கூடாதாம், வேகமாக ஏறினால் மூளைக்கு ஆபத்து. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில்தான் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்போதடா வந்தாய்?" என்றார். அதற்குள் நான் ஒரு பகலும் ஒரு இரவும் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன்.

"உப்பை இப்படி அடியோடு நிறுத்தச் சொன்னது யார்?" என்று மருத்துவர் கேட்டார். அம்மா சொன்னார்: "பிள்ளைகள் சொன்னார்கள்."

இப்போது மருந்து, சாப்பாடு பற்றி அக்கா ஒருத்திதான் பேசுகிறாள், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. நானும் தம்பியும் வாயைத் திறப்பதில்லை. தினசரி காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஒரு நோட்டுத் தொங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் ரத்த அழுத்தம் பார்த்து அதில் குறித்துவைக்கிறார். பரிசோதனைச் சீட்டுகளின் நகலும் அவசரச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் அத்தை வீட்டில் இருக்கின்றன. அன்று அவர் கையில் இவை எதுவுமே இல்லை. தன் காசைப் போட்டுத்தான் அம்மாவைக் காப்பாற்றினார்.

உங்கள் வீட்டிலும் இந்த வகை மாத்திரை இருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோடியத்தை எப்போது பார்க்க வேண்டும், உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு பதில்

என் அப்பா திருமங்கலத்தில் இருக்கிறார், வயது 82, ரயில்வே ஓய்வூதியர். வருடா வருடம் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பொதுவாக நவம்பர், 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஒரு வருடம் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனவரை, ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரும்பைப் பிடித்துத் தேய்ந்த விரல்கள் அவை.

தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டணம் 70 ரூபாய். அவர் வந்து பொறுமையாக வேலையை முடித்துவிட்டு, அப்பாவின் போனிலேயே என்னிடம் பேசினார்: "சார், சான்றிதழ் போய்விட்டது. இன்னொன்று, தப்பாக நினைக்க வேண்டாம். ஐயா கதவைத் திறக்க வரும்போது இடது காலை இழுத்து நடக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறோம். நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

சோழவந்தான்காரரின் மறுமொழி

அப்பாவை மருத்துவரிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள். நானும் இனிமேல் வீடியோவில் அம்மாவை அடுப்படி வரை நடக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இன்று நான்கு கவுளி அடுக்கியிருக்கிறார். அத்தை ஒரு கவுளியைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, நூறு சரியாக இருக்கிறது என்றார்.