தோள்ல கை வச்சதும் அழுகை வந்துருச்சுங்க, இது எதனால?

ஓவர்லாக் அக்கா, திருப்பூர்:

எனக்கு 43 வயசுங்க. பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலர். ஒன்றரை ஷிப்ட்டு, காலையில எட்டரைக்கு மிஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டரை. தை மாசம் எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருங்க. அன்னைலிருந்து நான் சரியா அழுகவே இல்லை. பையனுக்குப் பன்னண்டாவது பரீட்சை, வந்த ஒறம்பரைக்குக் காப்பி, ஆஸ்பத்திரிக் கடன் கணக்குன்னே நாள் போயிருச்சு.

கழுத்துல இருந்து வலது கை வரைக்கும் இழுத்துப் புடிக்குதுன்னு போன வாரம் ஒரு இடத்துக்கு எண்ணெய் போட்டு உருவப் போனேன். அந்தம்மா தோள்பட்டைக்கு நடுவுல கட்டைவிரலை வச்சு அழுத்தி, அப்படியே நிறுத்துனாங்க. வலி பெருசா இல்லைங்க. எங்கிருந்து வந்துச்சோ, அரை மணி நேரம் தேம்பித் தேம்பி அழுதேன். வெக்கமாப் போச்சு. ஆனா எட்டு மாசம் கழிச்சு அன்னைக்கு ராத்திரிதான் விடியற வரைக்கும் தூங்குனேன்.

அந்த இடத்து ஓனரு, "துக்கம் முதுகுல கட்டியா நிக்குது, 21 நாள் வந்தா எடுத்துரலாம், ஆத்மாவும் சுத்தமாயிரும்"னு சொல்லி 28,000 ரூபாய் கேக்கறாரு. கடன் வாங்கிப் போலாமுங்களா? துக்கம் நெசமாலுமே உடம்புல நிக்குமா?

தாராபுரத்துக்காரன்:

அக்கா, கடன் வாங்காதீங்க. எங்கம்மா முட்டி வலிக்கு ஒரு இடத்துல இதே மாதிரி நாள் கணக்குச் சொல்லி முன்பணம் வாங்குனாங்க. அஞ்சாம் நாள் வேண்டாம்னு சொன்னதுக்கு ஒத்த ரூபா திரும்பி வரலை.

கோபி கைவைத்தியம்:

அம்மிணி, 26 வருசமா பொம்பளைகளுக்கு எண்ணெய் போட்டு உருவி விடறேன். எங்க அம்மாயி கிட்டப் பழகுனது, பொறகு ஒரு சித்த வைத்தியர் கிட்ட, தொக்கணம்னு சொல்ற உருவற வைத்தியத்தை முறையாக் கத்துக்கிட்டேன். தட்டறது, இறுக்கறது, புடிக்கறது, முறுக்கறது, கட்டறது, அழுத்தறது, இழுக்கறது, மல்லாத்தறது, அசைக்கறதுன்னு அதுல ஒம்பது வகை. துக்கத்தைக் கட்டி மாதிரி எடுக்கற கையி எதுலயும் கிடையாது. அப்படிச் சொல்லிக் காசு கேக்கறவங்க கிட்டப் போகாதீங்க.

அழுததுக்கு வெக்கப்படாதீங்க சாமி. என் பாயில படுத்து எத்தனையோ பேர் அழுதிருக்காங்க. மஞ்சள் வெட்டுக்குப் போற ஒரு அம்மா, உள்ளங்காலைப் புடிச்சதும் அழுதாங்க. காலு வெடிச்சு, வெடிப்புக்குள்ள மஞ்சக்கறை போகாம நிக்குது. வலிக்குதான்னு கேட்டேன். "இல்லீங்க, என் காலை இதுவரைக்கும் யாரும் தொட்டதில்லீங்க"ன்னாங்க. நீங்க எட்டு மாசமா எல்லாத்தையும் தாங்கிப் புடிச்சுட்டு இருந்தீங்க. அன்னைக்குத்தான் ஒருத்தர் உங்களைப் புடிச்சாங்க. நான் பாத்த வரைக்கும் காரணம் அதுதான்.

எங்க பக்கம் கருமாதி அன்னைக்கு ஒறம்பரைங்க எண்ணெயும் அரப்பும் தொட்டுத் தலையில வைப்பாங்க. சின்னப் புள்ளையில அது வெறும் சாங்கியம்னு நெனைச்சேன். இப்ப வேற மாதிரித் தோணுது. துக்கம் இருக்கறவங்களைத் தொடாம விட்டுறக் கூடாதுன்னுதான் அதை வச்சிருக்காங்க. ஆனா ஒரு நாளோட நின்னு போகுது, அதுதான் கொறை.

ஆத்மா பத்திக் கேட்டீங்க. எண்ணெய்ல கை வைக்கறதுக்கு முன்னால பண்ணாரி ஆத்தாளை நெனைச்சுக்குவேன். அப்புறம் பேச மாட்டேன், போனைப் பக்கத்துல வைக்க மாட்டேன். ஒரு உசுருக்காக ஒரு மணி நேரம் பேச்சில்லாம இருக்கறது, எனக்குச் சன்னதியில நிக்கற மாதிரிதான். இதுக்கு 21 நாள் கணக்கு வேண்டாம். செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் நாலஞ்சு கரண்டி, ரெண்டு மிளகு போட்டு வெதுவெதுன்னு காய வச்சு ஆற விடுங்க. நம்புன பொம்பளை ஒருத்தரைக் கூப்புட்டு, பிடரியில இருந்து ரெண்டு தோளுக்கும் மெதுவா இறக்கி விடச் சொல்லுங்க. பொறகு அரப்புப் போட்டுச் சுடுதண்ணி வாத்துக்கங்க. செவ்வாய், வெள்ளின்னு கிழமை பாக்க வேண்டாம், உங்களுக்கு லீவு ஞாயித்துக்கிழமைதானே.

ஈரோடு நர்ஸ்:

குறைமாசக் குழந்தைங்க வார்டுல வேலை பாக்கறேன் அக்கா. 1986லயே அமெரிக்காவுல மயாமியில டிஃப்பனி ஃபீல்டுன்னு ஒருத்தர் குழு, குறைமாசக் குழந்தைங்களுக்கு நாளைக்கு மூணு தடவை, 15 நிமிசம் வீதம் 10 நாள் தடவி விட்டுப் பாத்தாங்க. மத்த குழந்தைங்களை விட 47 சதவீதம் கூடுதலா எடை ஏறுச்சு. மெதுவாத் தடவறதை உணர்றதுக்குன்னே நம்ம தோல்ல தனி நரம்பு இருக்கு. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்ல இருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்துலதான் அது நல்லா வேலை செய்யும். நம்ம பாட்டிங்க குழந்தையைத் தடவற வேகம் அதுதான்.

ஆனா உங்க வலி கழுத்துல இருந்து கைக்கு இறங்குதுங்கறீங்க. விரல் மரத்துப் போகுதா, துணி புடிக்கறப்ப நழுவுதா? அப்படின்னா டாக்டரைப் பாத்த பொறகுதான் யாரையும் கழுத்தை அழுத்த விடணும். சொடக்கு எடுக்க விடவே விடாதீங்க. உக்காந்தே வேலை பாக்கறதால இன்னொன்னும் சொல்லிடறேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா உருவ விடக்கூடாது, உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போகணும். தூக்கம் திரும்பவும் கெட்டு, உசுரு வெறுத்துப் போன மாதிரி இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்குக் கூப்புடுங்க. தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

ஓவர்லாக் அக்கா, திருப்பூர்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு விரல் மரக்குதுங்க, நர்ஸ் தங்கச்சி சொன்ன மாதிரி புதன்கிழமை லீவு போட்டு டாக்டர்கிட்டப் போறேன். பணம் கட்டலை.

நேத்து ஞாயித்துக்கிழமை எங்க நாத்தனார் காங்கயத்துல இருந்து வந்திருந்தாங்க. கழுத்தை அழுத்த வேண்டாம்னு சொல்லிட்டேன். வீட்டுக்குப் பின்னால பொடக்காலியில உக்கார வச்சு, தோள்லயும் முதுகுலயும் மெதுவா எண்ணெய் தடவி விட்டாங்க. அவங்களுக்கும் அண்ணன் போன துக்கம்தானே, ரெண்டு பேரும் அழுதோம். மிச்ச எண்ணெயைப் பையன் தலையில வச்சேன். காலேஜ் போறதுல இருந்து என்கிட்டச் சரியாப் பேசறதே இல்லீங்க அவன். தேய்ச்சு முடிச்சதுக்கப்புறமும் எந்திரிக்கலை, தலையை என் முட்டியில சாய்ச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான். நானும் கையை எடுக்கலை.