'ஹை ஏர்ஃப்ளோ கேஸ்': மிகு காற்றோட்டமா, தாழ்தடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியின் பாகங்களை வைக்கும் பெட்டியில், காற்று தாராளமாகப் போய்வரும் நடுத்தர அளவு வகையை 'ஹை ஏர்ஃப்ளோ மிட் டவர் கேஸ்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதற்காக 'மிகு காற்றோட்ட நடுத்தரக் கோபுரப் பேழை' என்ற முன்மொழிவு வந்திருக்கிறது. அதன் பின்னால் உள்ள உழைப்பு தெரிகிறது. ஆனால் ஒரு பெட்டியை மதிப்பிட்டு எழுத உட்காரும்போது இந்தச் சொல் கை கொடுக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

கேஸிலிருந்து தொடங்குவோம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் அது 'கேபினெட்'. வீடுகளில் 'சிபியூ'; உண்மையில் அது உள்ளே இருக்கும் செயலியின் பெயர். 'சிபியூ ரொம்பச் சூடாகுது' என்று ஒருவர் சொன்னால், பெட்டியின் மேல்தகடு சுடுகிறதா, உள்ளே செயலி 95 டிகிரியைத் தொடுகிறதா என்று திருப்பிக் கேட்டால்தான் தெரியும். மதிப்பீட்டுக் கட்டுரையில் இந்த இரண்டு சூடும் அடுத்தடுத்த வரியில் வரும். ஆகவே பெட்டிக்குத் தனிச்சொல் வேண்டும் என்று அதை முன்மொழிந்த ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் 'பேழை' வேண்டாம். பேழை மூடிப் பாதுகாப்பதற்கானது. நாம் பெயர் தேடும் பொருளோ திறந்திருப்பதாலேயே விலை போகிறது.

'கூண்டு' என்று எழுதலாம். கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள். சேசிஸ் தனியாக வரும். அதன் மேல் சட்டம் நிறுத்தி, தகடு அடித்து, சன்னல் வைத்து வண்டியாக்குவார்கள். சட்டம், தகடு, திறப்பு மூன்றுமே அந்தச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஹார்ட் டிஸ்க் மாட்டும் உட்சட்டத்தையும் கூண்டு என்று சொல்ல வேண்டி வருமே என்று கேட்பீர்கள். அதை 'வட்டுத் தாங்கி' என்று வைத்துக்கொள்வோம். 'கோபுரம்' தேவையே இல்லை. டவர் என்பது நிற்கவைத்த பெட்டி என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை; மிட் என்பது அளவு, அவ்வளவுதான். 305க்கு 244 மில்லிமீட்டர் அளவுள்ள, வழக்கமான ஏடிஎக்ஸ் வகை மதர்போர்டு முழுதாக உட்காரும், மேசைக்கு அடியிலும் அடங்கும். 'நடுவளவுக் கூண்டு' போதும்.

அப்புறம் ஏர்ஃப்ளோ. 'காற்றோட்டமான வீடு' என்று மனை விளம்பரங்களில் அடிபட்டு, அது வசதியைச் சொல்லும் சொல்லாகிவிட்டது, அளவைச் சொல்லாது என்று இங்கே ஒருவர் வாதிட்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேல்நிலை இயற்பியல் படித்த எவருக்கும் மின்னோட்டம் அளக்கக்கூடியது என்று தெரியும். இதுவும் அதே ஓட்டம்தான். ஆம்பியர் இருந்த இடத்தில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று வருகிறது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்று ஒரு குடும்பமே பாடநூலில் தயாராக இருக்கிறது. காற்றோட்டம், காற்றழுத்தம், காற்றுத்தடை என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; பொருளும் பிசகாது.

இந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொண்டால், 'மிகு காற்றோட்டக் கூண்டு' எங்கே இடறுகிறது என்பதும் தெரிந்துவிடும். காற்றை ஓட்டுவது விசிறி. கூண்டால் முடிந்தது அந்தக் காற்றைத் தடுப்பது, அல்லது தடுக்காமல் விடுவது. கோர்சேர் நிறுவனம் 2020இல் 4000டி கேபினெட்டை இரண்டு முகப்புகளோடு கொண்டுவந்தது. ஒன்றில் மூடிய எஃகுத் தகடு, இன்னொன்றில் துளையிட்ட தகடு. உட்சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. துளையிட்டதற்கு மட்டும் பெயரோடு ஏர்ஃப்ளோ சேர்ந்தது. அப்படியானால் அந்த அடைமொழி முகப்பில் குறைந்த தடையைத்தான் சொல்கிறது. அதனால் என் முன்மொழிவு 'தாழ்தடைக் கூண்டு'. தாழ்வழுத்த இணைப்பு, உயரழுத்த இணைப்பு என்று மின்வாரியம் எழுதுவதைப் படித்துப் பழகிய நமக்குத் தாழ்தடை அந்நியமாக இருக்காது.

ஃப்ராக்டல் டொரென்ட் என்ற கேபினெட் முகப்பில் இரண்டு 180 மில்லிமீட்டர் விசிறிகளோடு வருகிறது, லியான் லி லான்கூல் 216 இரண்டு 160 மில்லிமீட்டர் விசிறிகளோடு வருகிறது. அங்கே பெரிய விசிறிக்கும் சேர்த்துத்தானே அந்தப் பெயர் என்று கேட்கலாம். சரி. ஆனால் வாங்குகிறவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் உதவி. விசிறியை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். சட்டமும் முகப்பும் வாங்கியபடியேதான் பெரும்பாலும் இருக்கும்.

விசிறியின் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று ஓட்டம், எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் என்ற அளவில் ஸ்டாடிக் பிரஷர். இதற்கு 'நிலையழுத்தம்' சரியான சொல். நிலைமின்னியலில் வரும் அதே 'நிலை'. தடையே இல்லாத வெளியில் அளந்தது முதல் எண். ஓட்டம் முற்றிலும் நின்ற நிலையில் அளந்தது இரண்டாவது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கிடைக்காது. விசிறியைக் கூண்டில் பொருத்தியதும் அது இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது காற்றுத்தடை. இதை எழுதும்போது மூன்று சொற்களும் ஒரே வாக்கியத்தில் தேவைப்படுகின்றன. அதனால்தான் ஒன்றை மட்டும் தனியாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

ஓட்டத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு கணக்கு. கணினி 500 வாட் வெப்பத்தை உமிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிமிடத்துக்கு 50 கன அடி காற்று ஓடினால், வெளியே வரும் காற்று அறையைவிடச் சுமார் 18 டிகிரி சூடாக இருக்கும். 100 கன அடி ஓடினால் 9 டிகிரி. இந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

கருவி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். கணினியை முழுச் சுமையில் ஓடவிட்டு, அறை விசிறியை நிறுத்திவிட்டு, முகப்புக்கு அருகில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். துளைமுகப்பில் புகை கயிறாக நீண்டு நேரே உள்ளே போகும். கண்ணாடி முகப்பில் தயங்கும். ஓரத்து இடுக்கு வரைக்கும் நகர்ந்து அங்கே வளைந்து நுழையும். சில கூண்டுகளில் முன்விசிறிக்கும் முகப்புத் தகட்டுக்கும் இடையே அடைப்பு சரியாக இருக்காது. அங்கே உள்ளே போன காற்றே ஓரமாகத் திரும்பி வந்து மறுபடி விசிறிக்குள் போகும். இதற்கு 'மறுசுழற்சி' என்று எழுதினால் பிளாஸ்டிக் குப்பை நினைவுக்கு வரும். 'உட்சுழல்' என்று பார்த்தேன், பொருந்துகிறது.

சென்னைக்கு இன்னொரு சொல் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டு மதிப்பீடு 22 டிகிரி அறையில் செயலி 72 டிகிரி என்று சொல்லும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத வேளச்சேரி வீட்டில், 35 டிகிரி அறையில், அதே செயலி ஏறத்தாழ 85ஐத் தொடும். அறை வெப்பத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் அந்த 50ஐ 'வெப்ப ஏற்றம்' என்று அழைக்கலாம். இனி எந்த மதிப்பீட்டிலும் வெறும் செயலி வெப்பத்தைப் போட வேண்டாம்; ஏற்றத்தைப் போடுங்கள். அதையும் எல்லாக் கூண்டிலும் விசிறிகளை ஒரே இரைச்சல் அளவில் ஓடவிட்டு அளந்து போடுங்கள். இல்லாவிட்டால் அலறும் விசிறி வைத்த கூண்டுதான் எப்போதும் ஜெயிக்கும்.

கூண்டுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கூடினால் பாசிட்டிவ் பிரஷர், குறைந்தால் நெகட்டிவ் பிரஷர். முன்னதற்கு 'நேரழுத்தம்', பின்னதற்கு 'எதிரழுத்தம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரழுத்தம் என்றதும் எதிர்த்துத் தள்ளுவதாகவே படும். 'மிகையழுத்தம்', 'குறையழுத்தம்' என்று வைக்கலாம். உள்ளே வரும் காற்று மிகையானால் இடுக்குகள் வழியே அது வெளியே கசியும். தூசு வடிகட்டி இருக்கும் வழியாக மட்டுமே காற்று நுழையும். குறையழுத்தத்தில் ஒவ்வொரு ஓட்டையும் தூசு இழுக்கும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் காற்றழுத்தத் தாழ்வு நிலை பற்றிச் செய்தி கேட்கும் ஊர் இது, காற்று எந்தப் பக்கம் ஓடும் என்று விளக்க வேண்டியதில்லை. கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பின்பக்கத் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதோடு ஈரத் தூசும் சேர்ந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

முகப்பில் வரும் வலைத்தகடான மெஷ்ஷுக்கு மீனவர் வழக்கிலிருந்து 'கண்' எடுத்துக்கொள்ளலாம். வலையைக் கண் அளவால்தான் பேசுகிறார்கள். 'வலைமுகப்பு', 'கண்ணளவு' இரண்டும் எளிதாக நிற்கும். கண்ணளவு போதிய அளவு நுண்ணியதாக இருந்தால் அந்த வலையே தூசையும் பிடிக்கும். பின்னால் இன்னொரு வடிகட்டி வைப்பது தடையை ஏற்றுவதில்தான் முடியும்.

காற்று போய்வரும் திறப்பான வென்ட்டுக்கு 'காலதர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் கடையில் நின்று பெட்டி பார்க்கும் பையனுக்குச் சட்டென்று விளங்க 'காற்றுவழி' என்றே போடுவோம்.

'தூசு வடிகட்டி' மீது யாருக்கும் மறுப்பில்லை என்று தெரிகிறது. அதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். 'தாழ்தடை' பற்றித்தான் உங்கள் கருத்து வேண்டும். குறிப்பாகக் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.