மாங்கூழ் ஆலை ரசீதுகளில் 0000-00-00, போஸ்ட்கிரெஸ் ஏற்க மறுக்கிறது

கேள்வி: கூழ்_கணக்கு (கிருஷ்ணகிரி)

வணக்கம். இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாமே என் தலையில்தான். லோடு எடை போட்டு விவசாயிக்கு ரசீது தரும் பழைய மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 5.5 தரவுத்தளத்தில் ஓடுகிறது. அதை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றுகிறோம். பெங்களூரா ரக மாம்பழ வண்டிகள் எடைமேடைக்கு வர ஆரம்பித்துவிட்டால் யாரும் சர்வரைத் தொட விடமாட்டார்கள், அதற்குள் முடிக்க வேண்டும்.

ரசீது தேதியில் பல இடங்களில் 0000-00-00. விவசாயி பிறந்த தேதியில் 1962-00-00 மாதிரி வருடம் மட்டும். ரொம்பப் பழைய ரசீதுகள் எக்செல்லில் இருந்து வந்தவை, தேதி வெறும் எழுத்தாக இருக்கிறது: 31-06-2009, 06/07/2011. இதில் சில நாள் முதலில், சில மாதம் முதலில். எல்லாவற்றுக்கும் 01-01-1900 போட்டுவிடு என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சும்மா_ஒரு_டிபிஏ

தரவை போஸ்ட்கிரெஸில் ஏற்றித் தரும் பிஜிலோடர் கருவியைப் பயன்படுத்துங்கள். 0000-00-00ஐ அதுவே நல் (மதிப்பு இல்லாத வெற்றிடம்) ஆக்கிவிடும். இடையில் மைஎஸ்க்யூஎல் 8க்குப் போய்ச் சுத்தம் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 5.7 முதல் தப்பான தேதியை ஏற்காத கண்டிப்பு மோடுதான் இயல்பு, பூஜ்யத் தேதியை ஒப்பிடப் போனாலே சண்டைக்கு வரும். 5.5லேயே முடியுங்கள்.

பதில்: தர்மபுரி_பழசு

தம்பி, 1900 வேண்டவே வேண்டாம். நாளைக்கு யாராவது வயது வாரியாக ரிப்போர்ட் கேட்பார்கள், பாதி விவசாயிகளுக்கு நூறைத் தாண்டிய வயது வரும். தெரியாததை நல் என்றே வையுங்கள்.

1962-00-00 குப்பை இல்லை. பிறந்த வருடம் மட்டுமே தெரிந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர், சில ஆதார் அட்டைகளிலேயே வருடம் மட்டும்தான். அதற்குத் தனியாக வருடத்துக்கு ஒரு நெடுவரிசை போட்டு, தேதியை நல் ஆக்குங்கள். ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், அப்புறம் தேடினால் கிடைக்காது.

06/07 விஷயத்தில் மாம்பழமே உங்களுக்கு உதவும். உங்கள் ஆலைக்கு லோடு வருவது மே, ஜூன், ஜூலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் முதலில் என்று படித்தால் 01/07/2011 ஜனவரி 7 ஆகிவிடும். ஜனவரியில் மரத்தில் பூதான் இருக்கும், யார் லோடு கொண்டுவருவார்கள்? ஆகவே அது ஜூலை 1. சிக்கல் இரண்டு எண்ணுமே 5, 6, 7க்குள் இருப்பவற்றில் மட்டும்தான் (06/06 எப்படிப் படித்தாலும் ஒன்றே). அவற்றை ரசீது எண் வரிசையில் வைத்து, முன்னும் பின்னும் இருக்கும் ரசீதுகளின் தேதியைப் பாருங்கள். 31-06க்கும் அதே வழிதான். போஸ்ட்கிரெஸ் 10க்கு முன்பு இந்த மாதிரி இல்லாத தேதியை, எழுத்தைத் தேதியாக மாற்றும் டு_டேட் சத்தமில்லாமல் ஜூலை 1 ஆக்கிவிடும், இப்போது பிழை கொடுக்கிறது. பிழை கொடுப்பதே நல்லது.

இன்னொன்று. மைஎஸ்க்யூஎல்லில் நாட் நல் (நல் கூடாது) என்று அறிவித்த தேதி நெடுவரிசையில் ‘இஸ் நல்’ (நல்லா?) என்று தேடினால் 0000-00-00 வரிசைகள் வந்து நிற்கும். எண்ணிப் பார்க்கும்போது குழம்பாதீர்கள்.

கூழ்_கணக்கு:

அண்ணா, சீசன் யோசனை பிரமாதம், பெரும்பாலானவை அதிலேயே பிரிந்துவிட்டன. ஆனால் எங்களிடம் இரண்டு எடைமேடை, இரண்டு ரசீதுப் புத்தகம். எண் வரிசை கலந்து கிடக்கிறது.

தர்மபுரி_பழசு:

மேடை எண் ஏதாவது ஒரு நெடுவரிசையில் இருக்குமே? முதலில் அதை வைத்துப் பிரித்து, அதற்குள் ரசீது எண்ணை வரிசைப்படுத்துங்கள். அப்படியும் தேறாத ரசீது இருந்தால் தேதி நல். எக்செல்லில் இருந்த எழுத்தைப் ‘பழைய_தேதி’ என்ற நெடுவரிசையில் அப்படியே வையுங்கள். பணம் பற்றிக் கேட்டு யாராவது வந்தால் அந்தக் காகிதத்தைத்தான் காட்டுவார்கள், அதில் இருப்பது உங்கள் திரையிலும் இருக்க வேண்டும்.