நின்றுபோன என்எஃப்எஸ் மவுண்ட்: காரணம் கண்டுபிடித்த அனுபவங்கள்

வணக்கம். என்எஃப்எஸ் என்பது வேறொரு கணினியின் கோப்பகத்தை நெட்வொர்க் வழியே நம் கணினியில் இணைத்து (மவுண்ட் செய்து) பயன்படுத்தும் முறை. அப்படி இணைத்த பகிர்வுக் கோப்பகம் ஒன்று பதில் தராமல் நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதலில் அதற்குள்ளேயே கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்துப் பார்க்கிறார்கள், அல்லது வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் அடிக்கிறார்கள். அந்தக் கட்டளையும் அங்கேயே மாட்டிக்கொண்டு கன்ட்ரோல்-சி-க்கும் அசையாமல் போக, ஒரு டெர்மினல் வீணாவதுதான் மிச்சம். நின்றுபோன மவுண்டைத் தொடாமலேயே விசாரிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். 'ப்ராக்' கோப்பகத்தில் உள்ள 'மவுண்ட்ஸ்' கோப்பைப் படித்தால் லினக்ஸின் மையமான கர்னல் தன்னிடம் இருக்கும் பட்டியலை அப்படியே காட்டிவிடும், தொலைவில் உள்ள சர்வரிடம் எதையும் கேட்காது. டிஎஃப்-க்கு 'எல்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அது உள்ளூர் வட்டுகளோடு நின்றுகொள்ளும்.

நான் பராமரித்த கணக்கீட்டு சர்வர் ஒன்றில் லோடு ஆவரேஜ் ஏறிக்கொண்டே போனது, சிபியூவோ ஏறக்குறைய சும்மா இருந்தது. லினக்ஸில் லோடு கணக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களோடு 'டி' நிலையில் (வட்டோ நெட்வொர்க்கோ பதில் தரும்வரை அசையாமல்) உறங்கும் ப்ராசஸ்களையும் சேர்த்துக்கொள்வதால், இந்த முரண்பாட்டைக் கண்டாலே ஏதோ ஒன்று உள்ளீட்டு வெளியீட்டுக்காகக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்படி உறங்கிய ஒரு ப்ராசஸ் கர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்று காட்டும் 'ஸ்டாக்' கோப்பை ரூட் பயனராகப் படித்தபோது, மேலே 'ஆர்பிசி வெயிட் பிட் கில்லபிள்' என்ற வரி இருந்தது (ஆர்பிசி என்பது தொலைவில் உள்ள சர்வரிடம் வேலை கேட்கும் முறை). வட்டில் பழுதில்லை, அது சர்வரின் மறுமொழிக்காகவே காத்திருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் தெளிவாகிவிட்டது.

ஆனால் சர்வர் உயிரோடுதான் இருந்தது. பிங் போனது, என்எஃப்எஸ்-க்குரிய 2049 போர்ட்டில் இணைப்பும் கிடைத்தது. கர்னல் பதிவில் மட்டும் சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. இங்கேதான் ஒரு சிறு வேறுபாடு வழிகாட்டியது: வேறொரு கிளையன்டில் அதே பகிர்வைப் புதிதாக மவுண்ட் செய்தபோது, சில கோப்புகளே இருந்த கோப்பகம் உடனே விரிந்தது, ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்த கோப்பகமோ நின்றுபோனது; சில வரிகளே உள்ள கோப்பைப் படிக்க முடிந்தது, பெரிய கோப்பு அசையவே இல்லை. சிறியது போகிறது, பெரியது போவதில்லை என்றால் எனக்கு முதலில் எம்டியு (ஒரே துண்டாக அனுப்பக்கூடிய உச்ச அளவு) மீதுதான் சந்தேகம் வரும். இரு முனைகளிலும் 9000 பைட் என்று அமைத்திருந்தார்கள், இடையில் புதிதாக மாற்றப்பட்ட சுவிட்ச் 1500-இலேயே இருந்தது. இரு முனைகளும் தங்கள் அளவை மட்டும் சொல்லி டிசிபி இணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் சுவிட்ச், தன்னால் கடத்த முடியாத பெரிய ஃபிரேமை யாருக்கும் அறிவிக்காமல் கைவிட்டுவிடுகிறது. அனுப்பும் தரவைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் கட்டளையை 8972 பைட் அளவில் அனுப்பினேன், ஒன்றும் திரும்பவில்லை. 1472 பைட் அளவில் அனுப்பியது தவறாமல் திரும்பியது. (ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 எனக் கூட்டினால் முறையே 9000-உம் 1500-உம் வரும்.) சுவிட்சின் அளவை உயர்த்தியதும் பதிவில் சர்வர் சரியாகிவிட்டது என்ற செய்தி வந்தது, தொங்கிக்கொண்டிருந்த பணிகள் விட்ட இடத்திலிருந்து தாமாகவே தொடர்ந்தன. மறுதொடக்கம் தேவைப்படவில்லை.

*

மேலே நண்பர் எழுதியதில் கடைசி வரியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பணிகள் தாமாகத் தொடர்ந்ததற்குக் காரணம், அந்த மவுண்ட், சர்வர் பதில் தரும்வரை விடாமல் முயலும் இயல்பான 'ஹார்ட்' முறையில் இருந்ததுதான். தொங்கும் பிரச்சினைக்கு, சில முயற்சிகளோடு பிழை சொல்லி விலகிவிடும் 'சாஃப்ட்' போட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களை அடிக்கடி காண்கிறேன். எழுதும் வேலை நடக்கும் எந்தப் பகிர்வுக்கும் நான் அதை ஏற்கமாட்டேன். எனக்கு முன்பு பொறுப்பில் இருந்தவர் அப்படி அமைத்துவிட்டுச் சென்ற ஒரு சர்வரில், நெட்வொர்க் சற்றே தடுமாறிய நேரத்தில் கர்னல் முயற்சிகளை முடித்துக்கொண்டு உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையைத் திருப்பியது. காப்புப்பிரதி எடுத்த ஸ்கிரிப்ட் அந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் வெற்றி என்று பதிந்துகொண்டது. பாதியில் அறுந்த காப்புக் கோப்பு, மீட்டெடுக்க முயன்ற நாளில்தான் வெளிப்பட்டது. தொங்கி நிற்கும் சர்வரைவிட, பொய் சொல்லும் காப்புப்பிரதி பல மடங்கு மோசம்.

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் 'டைமோ' என்ற விருப்பத்தின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. டிசிபி வழியே இயல்பு மதிப்பான 600 என்பது 60 நொடியே. காத்திருப்பை இடைமறிக்க விடும் என்று பழைய குறிப்புகளில் காணப்படும் 'இன்டர்' விருப்பத்தை 2.6.25 கர்னலிலிருந்து லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. காத்திருக்கும் ப்ராசஸை கில் ஒன்பது (கட்டாயமாக முடிக்கும் சிக்னல்) மட்டுமே முடித்துவைக்கும். மவுண்டைக் கழற்றும் யூமவுண்ட்டோடு 'எல்' சேர்ப்பதால் கோப்பகம் பார்வையிலிருந்து மறைகிறதே தவிர, ஏற்கெனவே சிக்கியிருக்கும் ப்ராசஸ்கள் விடுபடுவதில்லை. எனவே அதை நான் கடைசியாக வைத்துக்கொள்கிறேன். சர்வர் கிடைக்காதபோது கணினி துவங்குவதே நின்றுபோகும் தொல்லைக்கு, மவுண்ட் பட்டியல் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' (மவுண்ட் ஆகாவிட்டாலும் துவக்கத்தைத் தொடர்) விருப்பமும், தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்யும் சிஸ்டம்டி-யின் ஆட்டோமவுண்ட்டும் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

*

என் அனுபவம் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒரே மாதிரிப் படிமத்திலிருந்து நகலெடுத்த இரண்டு மெய்நிகர் கணினிகள் என்எஃப்எஸ் 4.1 பதிப்பில் ஒரே பகிர்வைப் பயன்படுத்தின. ஒன்று ஒழுங்காக வேலை செய்யும்போது மற்றொன்று நிற்கும், சற்று நேரத்தில் நிலை தலைகீழாகும். மூன்றாம் பதிப்பில் மவுண்ட் செய்தால் இரண்டும் நன்றாக இருந்தன. அந்த வேறுபாட்டைக் கண்ட பிறகே ஹோஸ்ட்நேமைப் பார்க்கத் தோன்றியது: இரண்டுக்கும் ஒரே பெயர். லினக்ஸ் கிளையன்ட் தன்னை சர்வரிடம் அடையாளப்படுத்திக்கொள்ளும் சரத்தில் ஹோஸ்ட்நேம் இடம்பெறுவதால், இரண்டாவது கணினி வந்து பேசியதும், முதலாவதுதான் மறுதொடக்கமாகி வந்திருக்கிறது என்று சர்வர் கருதி அதன் பழைய பூட்டுகளையும் திறந்த கோப்புகளின் நிலையையும் கைவிட்டுவிடுகிறது. முதலாவது மீண்டும் பதிவுசெய்ய, இரண்டாவது வெளியேற்றப்படுகிறது. பெயர்களை மாற்றி இரண்டிலும் புதிதாக மவுண்ட் செய்ததும் இந்த இழுபறி நின்றது.

*

சர்வர் பக்கத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரை மறுதொடக்கம் செய்தால், முன்பிருந்த கிளையன்ட்கள் தங்கள் பூட்டுகளைத் திரும்பக் கோருவதற்காக இயல்பாக 90 நொடி சலுகைக் காலம் உண்டு. அதற்குள் நான்காம் பதிப்பில் புதிதாகக் கோப்பைத் திறக்க முயல்பவர்கள் காத்திருந்தே ஆகவேண்டும். இன்னும் தொங்குகிறதே என்று பொறுமையிழந்து சேவையை மறுபடி மறுபடி துவக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த 90 நொடி முதலிலிருந்து எண்ணப்பட்டது.